கட்சிக் கொடி இல்லாத சட்டமன்றம்

"வடதுருவ ஒளியைப் பார்க்கப் போகிறேன்" என்றுதான் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அம்மா என்னை அனுப்பி வைத்தார்.

என் தம்பி ஆறு ஆண்டுகளாகக் கனடாவின் வடக்கே யெல்லோநைஃப் என்ற ஊரில் கணக்காளராக வேலை செய்கிறான். போன தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு வரி எழுதினான்: "இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனு போடலாம்னு இருக்கேன்." மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அங்கே வாங்கினால் இங்கே விட்டுவிட வேண்டும். கிள்ளானில் அம்மா முறுக்குப் பிழிவதை அப்படியே நிறுத்திவிட்டார்.

"கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்துட்டா, நாளைக்கு இந்த வீட்டுக்கே சுற்றுப்பயணியாத்தானே வருவான்? நீ நேர்ல போய்ப் பேசு. போன்ல பேசினா மழுப்புவான்" என்றார்.

இப்படித்தான் பிப்ரவரி மாதத்தில், மூன்று விமானங்கள் மாறி, அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைசி விமானம் எட்மன்டனிலிருந்து. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கீழே வெள்ளை நிலம், கறுப்பு மரம், மறுபடியும் வெள்ளை. விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றி வரும் இடத்தின் நடுவே, பாடம் செய்யப்பட்ட ஒரு பனிக்கரடி நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்ததும் முதல் மூச்சிலேயே மூக்கின் உள்முடி விறைத்தது. பூஜ்யத்துக்குக் கீழே 34 பாகை. தம்பியின் காருக்கு முன்னால் ஒரு மின்கம்பி தொங்கியது. இரவில் இயந்திரம் உறையாமல் இருக்க, காரை விளக்கு போலச் சுவரில் செருகி வைக்கிறார்கள். கார் எண் பலகைகூட பனிக்கரடி வடிவத்தில்தான் இருக்கிறது.

முதல் இரண்டு இரவும் வானம் மூடிக்கிடந்தது. ஒளியும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை தம்பி சொன்னான்: "அக்கா, சட்டமன்றத்தைப் போய்ப் பாரேன். கூட்டம் நடக்குது. இலவசம். உள்ளே சூடாவும் இருக்கும். நான் அரை நாள் விடுப்பு எடுத்துட்டு ஒன்றரைக்கு வந்துடறேன்."

சட்டமன்றமா? எனக்குத் தெரிந்த சட்டமன்றம் என்றால் கொடிகள், சுவரொட்டிகள், தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கி, திருமண மண்டபத்தில் தாமதமாக வந்து மாலை வாங்கிக்கொள்ளும் ஒய்.பி. இந்தக் குளிரில் அதையா போய்ப் பார்ப்பது என்று நினைத்தேன். ஆனால் சூடு என்ற சொல் என்னை இழுத்துவிட்டது.

யெல்லோநைஃப், கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதிக்குத் தலைநகரம். அந்த ஆட்சிப்பகுதியின் பரப்பு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மலேசியாவைப்போல் நான்கு மடங்கு. மக்களோ சுமார் 45,000 பேர். எல்லாரையும் புக்கிட் ஜாலில் அரங்கில் உட்கார வைத்தால் பாதி இருக்கைகள்தான் நிரம்பும். அந்த 45,000 பேரும் 33 ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தத் தலைநகரில். இத்தனை பெரிய நிலத்துக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் 19 பேர்.

கட்டடம் ஃபிரேம் ஏரியின் கரையில், பாறைகளுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் நடுவே பதுங்கி இருக்கிறது. 1993-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்த மன்றத்துக்கு நிரந்தர வீடே கிடையாது; கிடைத்த கூடங்களில் கூடினார்கள். 1967 வரை இந்தப் பகுதியின் நிர்வாகமே தொலைவில் ஒட்டாவாவிலிருந்துதான் நடந்தது. முழுவதும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அமைந்தது 1975-இல்தான். எங்கள் வீட்டில் பெரியவர்களின் வயதைவிடக் குறைந்த வயதுள்ள சனநாயகம் இது.

உள்ளே வழிகாட்டி ஒருவர் எங்களைச் சபைக்குள் அழைத்துப் போனார். நான் எதிர்பார்த்த நேர்வரிசைகள் அங்கே இல்லை. வட்டமான அறை. ஆளும் தரப்பு ஒரு பக்கம், எதிர்த் தரப்பு மறுபக்கம் என்று முறைத்துக்கொண்டு உட்காரும் அமைப்பு இல்லை. நடுவில் தரையில் ஒரு பனிக்கரடித் தோல். மேலே கண்ணாடி அறைகளில் மொழிபெயர்ப்பாளர்கள். இங்கே ஆட்சிமொழிகள் 11. ஆங்கிலம், பிரெஞ்சு தவிர மற்ற ஒன்பதும் இந்த மண்ணின் பழங்குடி மொழிகள். நாலைந்து மலேசியத் தாமான்களில் அடங்கிவிடும் மக்கள்தொகைக்குப் பதினொரு மொழிகள்!

செங்கோலைப் பற்றி அவர் சொன்னது மனத்தில் நின்றுவிட்டது. அதன் தண்டுக்குள் 33 ஊர்களிலிருந்தும் கொண்டுவந்த கூழாங்கற்கள் இருக்கின்றன. தூக்கி நடக்கும்போது அவை உருண்டு மழை பெய்வது போல ஓசை எழும். ஊர்களின் குரல் சேர்ந்து ஒலிப்பதாகப் பொருள். எந்த ஊர்க் கல்லும் மற்றதைவிடப் பெரிதில்லை என்று சிரித்தார்.

பிறகுதான் எனக்கு விசித்திரமான விஷயம் தெரிந்தது. இங்கே கட்சியே கிடையாது. 19 பேரும் சுயேச்சைகளாக நின்று வெல்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் அவர்களே கூடி, இரகசிய வாக்கெடுப்பில் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு முதல்வரை, பிறகு ஆறு அமைச்சர்களை. முதல்வராக விரும்புகிறவர் சபையில் எழுந்து தான் என்ன செய்வேன் என்று பேசி, மற்றவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மிஞ்சும் 11 பேர் சாதாரண உறுப்பினர்கள். கணக்கைப் பாருங்கள்: அமைச்சரவை 7, மற்றவர்கள் 11. அந்த 11 பேரும் ஒன்று சேர்ந்தால் அரசாங்கத்தின் எந்தத் திட்டத்தையும் தடுக்கலாம். 2020-இல் சபை ஒரு அமைச்சரை வாக்கெடுப்பில் பதவியிலிருந்தே இறக்கியிருக்கிறது. ஒருமித்த கருத்தாட்சி என்று இந்த முறைக்குப் பெயர். 1999-இல் பிரிந்து தனி ஆட்சிப்பகுதியான நுனாவுட்டிலும் இதே முறைதான்.

ஒன்றரை மணிக்குத் தம்பி வந்துவிட்டான். சபையும் தொடங்கியது. செங்கோல் உள்ளே வந்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உண்மைதான், லேசான மழை.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தொகுதியைப் பற்றிப் பேசும் நேரம் வந்தது. ஆளுக்கு இரண்டரை நிமிடம். ஒருவர் தம் தாய்மொழியில் தொடங்கினார். கண்ணாடி அறைக்குள் ஒரு பெண்ணின் உதடுகள் அசைந்தன. இன்னொருவர் தம் ஊர் மூதாட்டி ஒருவரைப் பற்றிப் பேசினார். சிகிச்சைக்காகத் தலைநகருக்கு விமானத்தில் அனுப்பப்பட்டவர், துணைக்கு ஆள் அனுமதிக்கப்படவில்லை, ஆங்கிலம் தெரியாது, விமானம் தாமதமாகி இரவு முழுவதும் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சிறிய ஊர்களில் இருப்பது தாதியர் நடத்தும் சுகாதார நிலையம் மட்டும்தான். பிரசவத்துக்குக்கூட கர்ப்பிணிகள் சில வாரங்களுக்கு முன்பே வீட்டையும் மற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டு, மருத்துவமனை உள்ள ஊருக்கு வந்து தங்க வேண்டும்.

நேரம் முடிந்துவிட்டது. அவர் நின்று, "என் பேச்சை முடிக்கச் சபையின் ஒருமித்த இசைவைக் கோருகிறேன்" என்றார். ஒருவர்கூட மறுக்கவில்லை. மூதாட்டியின் கதை முடியும் வரை சபை காத்திருந்தது.

பிறகு கேள்வி நேரத்தில் அவர் அதே விஷயத்தை அமைச்சரிடம் கேட்டார். அமைச்சரின் பதிலில் "பரிசீலிக்கிறோம்", "கொள்கை மறுஆய்வில் இருக்கிறது" எல்லாம் வந்தன. அது மட்டும் எனக்கு நன்றாகப் பழகிய மொழி! உறுப்பினர் விடவில்லை. மறுபடி கேட்டார். அதற்கும் மறுபடி கேட்டார். கடைசியில், அந்தக் குறிப்பிட்ட கோப்பைத் தாமே பார்ப்பதாக அமைச்சர் சொன்னார். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நிரலில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று: பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்களை அறிமுகப்படுத்தும் நேரம். ஒருவர் தம் சித்தியை அறிமுகப்படுத்தினார். ஒருவர் பள்ளிப் பிள்ளைகளை. அப்போது தம்பியின் தொகுதி உறுப்பினர் எழுந்தார். மாடத்தை அண்ணாந்து பார்த்து, என் தொகுதியில் வசிக்கும் இன்னார், மலேசியாவிலிருந்து வந்திருக்கும் அவர் அக்காவோடு அமர்ந்திருக்கிறார், வருக என்றார். தம்பியின் பெயரைப் பாதியிலேயே உடைத்து, தவறான இடத்தில் அழுத்தி உச்சரித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தம்பி பாதி எழுந்து பாதி உட்கார்ந்தான். காது சிவந்துவிட்டது.

"உனக்கு இங்க வாக்கு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லக்கா. குடிமக்களுக்கு மட்டும்தான்."

வாக்கே இல்லாத ஒருவனின் பெயரை அவர் எதற்கு நினைவில் வைத்திருக்க வேண்டும்? அன்று மாலை கோ-ஆப் பேரங்காடியில் அதற்குப் பதில் கிடைத்தது. அதே உறுப்பினர் உருளைக்கிழங்குப் பையோடு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற முதியவர், தம் வாடகை வீட்டின் வெப்ப அடுப்பு நின்றுபோனதையும், ஆள் வராமல் இரண்டு நாள் கோட்டோடு தூங்கியதையும் விவரித்துக்கொண்டிருந்தார். உறுப்பினர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். பின்னால் நின்ற பெண் தன் பங்குக்குப் பள்ளிப் பேருந்தைப் பற்றித் தொடங்கினாள். கையில் பால் உருகப் போவதில்லை என்ற தைரியம்போல, யாரும் அவசரப்படவில்லை.

"தினமும் இப்படித்தான். அவங்களுக்குக் கடைக்குப் போறதே ஒரு மக்கள் சந்திப்பு. தப்பு செஞ்சா ஒளிஞ்சிக்கக் கட்சி இல்ல. 'தலைமை முடிவு பண்ணிடுச்சு'ன்னு சொல்ல முடியாது" என்றான் தம்பி.

தலைநகருக்கு வெளியே உள்ளவர்களின் பாடு இன்னும் கடினம். 19 தொகுதிகளில் 7 தலைநகருக்குள்ளேயே இருக்கின்றன. அந்த உறுப்பினர்கள் நடந்தே தொகுதியைச் சுற்றிவிடலாம். ஆனால் வட கோடியில் நுனாக்புட் என்ற தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் கடலோரமும் தீவுகளுமாக நான்கு ஊர்கள். அவற்றில் டுக்டோயக்டுக்குக்கு மட்டும் 2017-இல் சாலை வந்தது. மற்ற மூன்றுக்கும் விமானம்தான். அவற்றில் ஒன்றான சாக்ஸ் ஹார்பரில் வாழ்பவர்கள் சுமார் நூறு பேர். அந்த நூறு பேரைப் பார்க்க ஒருவர் பனிமூட்டம் விலகும் வரை காத்திருந்து பறக்க வேண்டும். இந்தத் தொகுதியிலிருந்து வந்த நெல்லி கூர்னோயேதான் 1991-இல் ஆட்சித் தலைவரானார். கனடாவில் ஒரு மாநில அளவிலான அரசுக்குத் தலைமை தாங்கிய முதல் பழங்குடிப் பெண் அவர்.

சாத்து தொகுதியில் ஐந்து ஊர்கள். ஆண்டு முழுவதும் பயன்படும் சாலை ஒன்றுகூட இல்லை. குளிர்காலத்தில் உறைந்த நிலத்தின்மேல் சில மாதங்களுக்குப் பனிச்சாலை. கோடையில் மெக்கன்சி ஆற்றில் சரக்குப் படகு. 2024 கோடையில் ஆற்றில் நீர் மிகவும் வற்றிப்போய்ப் படகுகள் அந்த ஊர்களுக்குப் போக முடியவில்லை. எரிபொருளையும் பொருள்களையும் விமானத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. விலை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆற்றில் தண்ணீர் இறங்கினால் அதற்கும் சபையில் எழுந்து பேச வேண்டியவர் அந்த ஒருவர்தான்.

தம்பி இந்த முறையைக் கண்மூடிப் புகழவில்லை. "முதல்வரை மக்கள் நேரா தேர்ந்தெடுக்க முடியாது. கொள்கை அறிக்கை பார்த்து வாக்களிக்கவும் வழியில்ல. பல முடிவு மூடின கதவுக்குப் பின்னாலதான் நடக்குது. கையில பணமும் இல்ல, பெரும்பகுதி ஒட்டாவாவிலிருந்து வர்ற மானியம். வைரச் சுரங்கம் ஒவ்வொண்ணா மூடப் போகுது" என்றான். மூன்று சுரங்கங்களில் ஒன்றான டயவிக், 2026-இல் உற்பத்தியை முடித்துக்கொள்ளத் திட்டமிட்டிருந்தது. சுரங்கங்களுக்குப் பொருள் அனுப்பும் நிறுவனத்தில்தான் தம்பிக்கு வேலை.

"அப்போ வேலையும் நிச்சயமில்ல. பிறகு எதுக்குடா இந்த ஊரு?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பனிச்சாலைக்குப் போனான். பெரிய அடிமை ஏரி உறைந்து, அதன்மேலேயே டெட்டா என்ற டெனே மக்களின் கிராமத்துக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் சாலை போடுகிறார்கள். நடு ஏரியில் வண்டியை நிறுத்தினான். காலுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடிபோல் பனிக்கட்டி. உள்ளே வெள்ளை வெடிப்புகள். எங்கோ ஆழத்தில் 'டொம்' என்று ஓர் ஒலி. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கேதான் 2023 ஆகஸ்டைப் பற்றி முதன்முறையாக முழுவதும் சொன்னான். எங்களுக்கு அப்போது புலனத்தில் "நலமாக இருக்கிறேன்" என்று மட்டும்தான் எழுதியிருந்தான். காட்டுத்தீ நகரை நெருங்கியதால் 16-ஆம் தேதி மாலை எல்லாரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுமார் 20,000 பேர். வெளியே போக ஒரே நெடுஞ்சாலை. இவன் மறுநாள் விடியலில் கிளம்பினான். பகலிலேயே வானம் செம்பழுப்பு. சில நாட்களுக்கு முன் பெரும்பகுதி எரிந்துபோயிருந்த என்டர்பிரைஸ் என்ற சிற்றூரைக் கடந்தபோது, வீடுகள் இருந்த இடங்களில் சாம்பல்தான் இருந்ததாம்.

"பெட்ரோல் நிலையத்துல வரிசை நீளமா நின்னுச்சு. எனக்கு முன்னால நின்ன கார்ல எங்க தொகுதி உறுப்பினர். பின் சீட்ல பிள்ளைங்க, நாய், பெட்டி. அவர் தன் குடும்பத்தை விட்டுட்டு வரிசையில ஒவ்வொரு காரா போய், 'போக இடமிருக்கா, மருந்து இருக்கா, தனியாவா வந்தீங்க'ன்னு கேட்டுட்டு வந்தாரு. நான் தனியாத்தான் வந்தேன்னு சொன்னேன். பேரை எழுதிக்கிட்டாரு. மூணு நாள் கழிச்சு கூப்பிட்டாரு, போய்ச் சேர்ந்தியான்னு."

அந்தப் பெயர்தான் மாடத்தில் உடைபட்டு ஒலித்த பெயர்.

அந்த ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி நடக்கவேண்டிய தேர்தலை, ஊர் காலியாக இருந்த நேரத்திலேயே உறுப்பினர்கள் கூடி நவம்பர் 14-க்குத் தள்ளிவைத்தார்கள். மக்கள் செப்டம்பர் 6 முதல் திரும்பினார்கள். தேர்தல் நாளன்று தம்பியோடு வேலை செய்பவர்கள் எல்லாம் வாக்களித்துவிட்டு வந்தார்கள். இவன் மட்டும் மேசையில் இருந்தான்.

"அங்க எனக்கு வாக்கு இருக்கு அக்கா, நான் இல்ல. இங்க நான் இருக்கேன், வாக்கு இல்ல. இதுதான் என் பிரச்சினை. அம்மா நினைக்கிற மாதிரி ஊரை மறந்துட்டேன்னு இல்ல."

அம்மா சொல்லி அனுப்பிய வாக்கியங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றுகூட வாயில் வரவில்லை. "மனு போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுக்கு வா. போன்ல சொல்லாதே, அம்மா எதிர்ல உட்கார்ந்து சொல்லு" என்று மட்டும் சொன்னேன். சரி என்றான். அன்றிரவு வானம் திறந்தது. பச்சை ஒளி ஏரிக்கு மேலே திரைச்சீலை போல ஆடியது. படம் எடுத்தேன். ஆனால் ஊர் திரும்பி ஒவ்வொருவருக்கும் காட்டும்போது, நான் பேசியது பெரும்பாலும் அந்த வட்ட அறையைப் பற்றித்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒளியைப் பார்க்கக் குளிர்காலம் நல்லது; ஆனால் கனமான காலணி, இரட்டைக் கையுறை இல்லாமல் போகாதீர்கள். பகல் பொழுது வீணாகிறதே என்று விடுதியில் சுருண்டு கிடக்காமல், சட்டமன்றத்துக்குப் போங்கள். சுற்றிக் காட்டுவதற்குக் கட்டணமில்லை. கூட்டம் நடக்கும் நாளாக இருந்தால், மேலே உட்கார்ந்து கேளுங்கள்.

கிள்ளானில் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். தீ, சாலை, பெட்ரோல் வரிசை, பனிக்கரடித் தோல், மாடம். அவர் காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டார். மனு பற்றி எதுவும் சொல்லவில்லை. கடைசியில் கத்தியைக் கீழே வைத்தார்.

"சபையில அவன் பேரைச் சரியா சொன்னாங்களா?"

"இல்லம்மா. பாதியில உடைச்சிட்டாங்க."

"வர்றப்போ சொல்றேன்," என்றார் அம்மா. "அவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு."